காதைத் தொட்ட கை

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று தை மாதத்தில், சம்பா அறுப்பை ஒட்டி வரும். அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. மற்றொன்று மே பத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் பதிவு என்று எல்லாக் காகிதங்களிலும் இருப்பது இதுதான். மே பத்தின்படி நான் எட்டு மாதம் மூத்தவள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டு, வெளிநாட்டு வேலை விசாவுக்கு மனு போடும்வரை, இந்த எட்டு மாதத்தை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அந்த எட்டு மாதம் வந்த கதை சின்னதுதான். அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். எனக்கு மூன்று வயதில், அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது வரப்பில் உட்கார்ந்திருந்த நான் வாய்க்காலில் சரிந்து விழுந்தேன். பக்கத்தில் நட்டவர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். மறு வருடம் குறுவை நடவு தொடங்கியபோது என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட அம்மா முடிவு செய்தாள். அப்போது எனக்கு நாலரை வயதுகூட ஆகவில்லை. ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடையாது; வீட்டில் பிறந்தவள், யாரும் போய்ப் பதியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது.

என் கை எட்டவில்லை. ஒரு வாரம் அம்மா பழக்கினாள். "தலைய லேசா இந்தப் பக்கம் சாச்சுக்க. சார் பாக்குறப்ப சிரிச்சிக்கிட்டே சாச்சுக்க." சிரித்துக்கொண்டே சாய்த்தேன். நடுவிரல் காதின் மேல் நுனியைத் தொட்டது. தலைமையாசிரியர் ஜூன் மாதச் சேர்க்கைக்கு வாகாக, மே பத்து என்று ஒரு தேதியைத் தானே எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில்தான் பிறந்தோம்.

விசாவுக்குப் புள்ளிக் கணக்கு. படிப்புக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை. மொத்தம் அறுபத்தைந்து இருந்தால்தான் வரிசையில் நிற்கவே முடியும். அப்புறம் அவர்கள் அழைக்க வேண்டும். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஏஜென்ட், என்னைவிடச் சின்னவர், முதல் நாளே விரலை மடக்கிச் சொல்லிவிட்டார்.

"முப்பத்து மூணு முடிஞ்சா வயசுல அஞ்சு பாயிண்ட் போயிடும் மேடம். அதுக்குள்ள அழைப்பு வந்துடணும்."

எனக்கு இங்கிருந்து போக வேண்டும். அதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. பத்து வருடமாக ஒரே வார்டு, ஒப்பந்த வேலை, திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரிலிருந்து அதே பேருந்து, "கல்யாணம் எப்ப?" என்று அதே வாய்கள். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். போகாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை.

ஆங்கிலத் தேர்வை நான்கு முறை திருச்சிக்குப் போய் எழுதினேன். எழுத்துத் தாளில் மூன்று முறை அரை மதிப்பெண்ணில் போயிற்று. நகரத்து மக்கள் சைக்கிளில் வேலைக்குப் போவது நல்லதா என்று கேட்டிருந்தார்கள். பேருந்தில் நிற்க இடமில்லாமல் போய் இறங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது? நான்காம் முறை, நல்லதுதான் என்று மூன்று பத்தி அடித்துவிட்டேன், தேறிவிட்டது. மார்ச் கடைசியில் சரியாக அறுபத்தைந்து வந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

ஏப்ரல் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது என் கையில்தான் இருந்தது. அழைப்பு வரவில்லை. தேதியைத் திருத்த முடியுமா என்று ஏஜென்டிடம் கேட்டேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும், வருடக்கணக்கில் ஆகும், ஒரு காகிதத்தை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்றார். இந்த ஒரு தேதிதான் என்னை நர்ஸ் ஆக்கியிருந்தது. அதை அசைக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

மே பத்து அன்று எனக்குப் பகல் டியூட்டி. மத்தியானம் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் நிர்வாகமே கேக் வாங்கிவிடும். தேதியை எங்கள் சான்றிதழிலிருந்துதான் எடுத்து வைத்திருக்கிறார்கள். கேக்கில் என் பெயர். வார்டே நின்று கைதட்டியது. வெட்டினேன், ஊட்டினார்கள், சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமாளிக்க எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தபோது மின்னஞ்சல் வந்திருந்தது. என் வயதைக் கணினி தானே திருத்திக்கொண்டதாம். அறுபது. மனு வரிசையிலிருந்து விலகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். "தலைய சாய்க்கச் சொன்னியே, அதுல போச்சு எல்லாம். இன்னும் எட்டு மாசம் இருந்திருக்கும் எனக்கு." சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசித் தண்ணீரை வடித்துவிட்டு, "வாய்க்கால்ல தண்ணி போயிட்டு இருந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்" என்றாள். அரிசியை உலையில் போட்டு மூடினாள்.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் பார்த்தால் நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த ஏஜென்டிடம் கூட்டிப்போ, நானே சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, இது தை மாசம் பொறந்த புள்ள. பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு நான்தான் கூட்டிச் சொன்னேன். தப்பு எம்மேலதான், அதும் மேல இல்ல. அந்த நாட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க."

அவர் நல்ல மாதிரி. சிரிக்கவில்லை. "தை மாசம் எந்தத் தேதிம்மா?"

"சம்பா அறுப்பு முடிஞ்ச மறு வாரம். வெள்ளிக்கிழமை. வெளக்கு வைக்கிற நேரம்."

விசைப்பலகையின் மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. "அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பெத்தவ நான் உக்காந்திருக்கேன். புள்ள இந்தா உக்காந்திருக்கு. வேற என்னப்பா வேணும்?"

அவர் என் கோப்பைத் திறந்தார், மூடினார். அடுத்து எந்த நாட்டுக்கு முயலலாம் என்று என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குக் காதில் ஏறவில்லை. என் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

திரும்பும் பேருந்தில் அம்மாவுக்குச் சன்னலோரம் கிடைத்தது. பம்புசெட் வைத்திருந்தவர்கள் அதற்குள் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஆறு தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப நீ போவலையா?" என்று கேட்டாள்.

"போவல."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ இறங்கியதை நான் பார்த்துவிட்டேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைக்கத்தான் சன்னலைப் பார்த்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அன்று பிடித்த அதே இடத்தில். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஊர் வரும்வரை அவள் விடவில்லை. கையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.