வாடின செடி கேட்டு வந்த மேடம்

திண்டிவனம் பக்கம் கத்திரி நாத்துன்னா என் நர்சரி பேரைத்தான் சொல்லுவாங்க. அஞ்சாங்கிளாஸோட நின்னவன், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கறேன். அப்பேர்ப்பட்டவன் வாசல்ல விழுப்புரத்திலேருந்து ஒரு ஆராய்ச்சி மேடம் வந்து, "அண்ணே, வாடின கத்திரிச்செடி இருக்குங்களா?"ன்னு கேட்டாங்க.

"என் செடி வாடுதுன்னு எவன் சொன்னான்?" எகிறிட்டேன்.

"யாரும் சொல்லலண்ணே. வல்லம், மேல்மலையனூர் எல்லாம் சுத்திட்டேன். நான் போறதுக்குள்ள பிடுங்கி எரிச்சிடறாங்க."

வாடல் நோய் பாக்டீரியா தன்னோட ஜீன்களை எந்தெந்த இடத்திலேருந்து படிக்க ஆரம்பிக்குதுன்னு மேப் போடறாங்களாம். "லேப்ல குடுவையில அதை வளர்த்துப் பாத்துட்டேன். செடிக்குள்ள வேற இடத்துல ஆரம்பிக்கலாம். வாட ஆரம்பிச்ச செடியிலேயே பிடிக்கணும். இந்தப் போகம் கிடைக்கலன்னா என் வேலை அவ்வளவுதாண்ணே."

பின்பக்கம் விதைக்கு விட்டிருந்த முள்ளுக்கத்திரி அன்னிக்குக் காலையிலதான் தலை தொங்கியிருந்தது. நான் தொழில் ஆரம்பிச்சதே அந்த விதையிலதான். வெளியே தெரிஞ்சா யாவாரம் படுத்துடும். இருந்தாலும் கூட்டிக்கினு போனேன்.

தண்டை நறுக்கி டம்ளர் தண்ணியில தொங்கவிட்டாங்க. பால் மாதிரி வெள்ளை நூல் இறங்குச்சு, அதான் வாடல் கிருமியாம். அவங்களுக்குச் சிரிப்பு, எனக்கு வயித்தெரிச்சல். தண்டுங்களை அப்படியே உறைய வெக்க நைட்ரஜன் கேன்ல போட்டதும் குபுகுபுன்னு புகை.

நாத்து வாங்க வந்த பிரம்மதேசத்துக்காரர் எட்டிப் பாத்தாரு. "இன்னா தலைவரே, யாகமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வாடலுப்பா. என் கொல்லையிலதான். நாத்தெல்லாம் குழித்தட்டுல, தேங்காய்நாருல வளர்த்தது. இந்த மண்ணு படல. இஷ்டம்னா எடு."

"அடுத்த வாரம் வர்றேன்." அதோட சரி, வரவேயில்ல.

மேடம் ரொம்ப நாள் கழிச்சு போன் பண்ணாங்க. "அண்ணே, மேப் வந்துடுச்சு! குடுவையில காணாத ஆரம்ப இடமெல்லாம் உங்க செடியில இருந்துச்சு."

"அப்போ மருந்து?"

"அதுக்கு இன்னும் ரொம்ப தூரம் போவணும்ணே."

தொழிலுக்கு வர்றவங்களுக்குச் சொல்றேன். வாடலை மறைக்காதீங்க. பிடுங்கறதுக்கு முன்னாடி, அதைத் தேடறவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

வாடல் கிருமி மண்ணுலேயே தங்கிடும்ங்கறதால அந்தக் கொல்லையில இப்போ கேப்பை. நல்லாத்தான் விளையுது. ஆனா காலையில எழுந்து போனா கண்ணு கத்திரியோட ஊதாப் பூவைத் தேடுது. முள்ளுக்கத்திரியை வருஷா வருஷம் வேற மண்ணு போட்ட தொட்டியில ரெண்டு செடி வெச்சு, விதையைப் புதுசாக்கிக்கினே வர்றேன். மருந்து வர்ற அன்னிக்கு விதை இல்லன்னு நிக்கக் கூடாது பாருங்க.