ஸ்ரீகண்ட் வரும் வரை

பல்கலைக்கழக செனட்டுக்கு ஆசிரியர் பிரதிநிதியாக நான் ஜெயித்து வந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "அங்க உன்னப் பேச விடுவாங்களா, இல்ல கையத் தூக்க மட்டும்தானா?"

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. புனேயின் பஸ்ஸிலும் காய்கறிச் சந்தையிலும் பொறுக்கிச் சேர்த்த மராத்தியை வைத்துக்கொண்டே வீடு வீடாக ஓட்டுக் கேட்டு ஜெயித்தவள் நான். பேசாமல் இருந்துவிடுவேனா?

பேச விஷயமும் இருந்தது. எங்கள் கல்லூரியின் மாலை வகுப்பில் பி.காம். படித்தவர்களில் பெரும்பாலானோர் ஆகுர்டிப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். வகுப்பு மாலையில்தான், ஆனால் ஆண்டுப் பரீட்சை பட்டப்பகலில். அவர்களில் ஒருவர் என்னைவிட மூத்தவர். லீவு கிடைக்காமல் இறுதிப் பரீட்சையைத் தவறவிட்டுக்கொண்டே வந்தார். பட்டம் வந்தால் சூப்பர்வைசர் ஆகலாம், இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். "மேடம், பாடத்த நான் பாத்துக்கறேன், நேரத்த நீங்க பாத்துக்கோங்க" என்றார். அதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சுமந்துகொண்டு போனேன்.

பரீட்சையை மாலைக்கு மாற்றச் சொல்லும் என் தீர்மானத்தை எதிர்ப்பவர் யாருமில்லை. எதிரி மதியச் சாப்பாடுதான். ஆசிரியர்களின் தீர்மானங்கள் நிகழ்ச்சி நிரலின் வாலில் வரும். அதற்குள் சாப்பாடு வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் புனேக்காரரின் பிறப்புரிமை, அந்த நேரத்தில் கடைகளே ஷட்டரை இறக்கிவிடும். காலையில் மேசையைத் தட்டி முழங்கியவர்கள், பூரியும் கெட்டித் தயிரில் சர்க்கரை குழைத்த ஸ்ரீகண்டும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் ஸ்கூட்டரை உதைத்துவிடுவார்கள். அரங்கில் நானும் துணைவேந்தரும் மின்விசிறிகளும்தான் மிச்சம். போதிய உறுப்பினர் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு.

என் பக்கத்து இருக்கையில் ஒரு மராத்திப் பேராசிரியை. அவள் வாயிலிருந்து விழுவதை அள்ளிக்கொள்ளவே நான் சீக்கிரம் போய் உட்காருவேன். துணைவேந்தருக்கு அவள் வைத்த பெயர் குக்கர். விசில் வரும்வரை சும்மா இருப்பாராம், அப்புறம் இறக்காவிட்டால் அடிபிடித்துவிடுமாம். அவள்தான் என் காதில் சொன்னாள்: "இவங்கள வாதத்தால நிறுத்த முடியாதுடி. வயித்தால நிறுத்து."

சாப்பாடு போடுகிற கான்டீன்காரர் அவள் தெருக்காரர். அடுத்த கூட்டத்தில் பூரி வந்தது, உருளைக்கிழங்கு பாஜி வந்தது, சோறும் வந்தது. ஸ்ரீகண்ட் மட்டும் வரவில்லை. இன்னும் குளிர வேண்டும், பிஸ்தா தூவிக் கூட்டம் முடிந்ததும் பரிமாறப்படும் என்று கான்டீன்காரர் அறிவித்தார்.

ஸ்ரீகண்ட் சாப்பிடாமல் எவர் வீட்டுக்குப் போவார்? அரங்கம் நிரம்பிவிட்டது. அரைப்புள்ளிக்கே அரை நாள் பேசும் முதிய பிரின்சிபால் ஒருவர் எழுந்தார். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். "ஆதரிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். தீர்மானங்கள் சறுக்குமரத்தில் குழந்தைகள் போல ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

என் முறை வந்தது. கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்த உரையோடு எழுந்தேன். "மாண்புமிகு" என்று ஆரம்பிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாங்க ஒத்துக்கிட்டோம் மேடம், உட்காருங்க." பேராசிரியை என் புடவையைப் பிடித்து இழுத்தாள். துணைவேந்தர் வாக்கெடுப்புக் கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

சரி, சாயங்காலத்தில் மேற்பார்வைக்கு யார் வருவார் என்று தேர்வுத் துறைக்காரர் கேட்டார். குக்கர் விசிலடித்தது. "தீர்மானம் கொண்டுவந்தவங்களே வரட்டும்."

ஏப்ரலில் பரீட்சை அரங்கில் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த என் மாணவர், சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல், முதல் வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று கையைத் தூக்கினார்.

கூடுதல் தாள் வேண்டுமாம். ஓடினேன்.