கிரேலிங் மீனுக்கு மாடம்பாக்கம் ஏரியில் ஒத்திகை

மார்கழி ஞாயிறு, காலை ஆறு மணி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். இதையெல்லாம் பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். பக்கவாதத்தில் படுத்து எழுந்த என் வீட்டுக்காரருக்கு, ஆஸ்பத்திரியைத் தவிர, இதுதான் முதல் பயணம்.

போன குளிர்காலத்தில் வட இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருந்தோம். அங்கே அந்தக் குளிரிலும் ஆற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும் கல் தெரிய ஓடும். அதில் கிரேலிங் என்றொரு மீன், முதுகில் விசிறி மாதிரித் துடுப்போடு. அதற்குப் புழு வைப்பதில்லை. இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சியைத் தூண்டில் நுனியில் கட்டி, பின்னால் வீசி, சற்றுப் பொறுத்து, முன்னால் விட வேண்டும். பிடித்த மீனை அங்கேயே விட்டுவிடுவார்கள். ரிட்டயரான பாங்க் ஆபீசரான இவருக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது.

இப்போது மகன் மறுபடி கூப்பிடுகிறான். "என் கையால ஒரு தடவை ஒழுங்கா வீசிட்டேன்னா டிக்கெட் போடச் சொல்லு. இல்லேன்னா நான் வரலை" என்று இவர் சொல்லிவிட்டார். எனக்கோ நாங்கள் திரும்பிய பிறகு பிறந்த பேத்தியைத் தூக்க வேண்டும். அது பக்கவாதம் தாக்கிய இவருடைய வலது கையில் போய் மாட்டிக்கொண்டது. டாக்டர் அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தை அலமாரியில் போட்டுவிட்டு, என் தையல் பெட்டி நூலையும் கோழிக்கடை இறகையும் வைத்துப் பூச்சி கட்டிக்கொண்டிருந்த மனுஷன் இவர்.

"இன்னா சார், மீனா? மார்க்கெட்டாண்ட போனா கழுவியே குடுப்பாங்களே" என்றார் ஆட்டோக்காரர்.

"பிடிச்சுட்டு விட்டுடுவோம்பா."

"வுடறதுக்கா புடிக்கிறீங்க? பேஜாரு சார்!" என்றவர், வேடிக்கை பார்க்க வண்டியை ஓரங்கட்டினார்.

ஆறே முக்கால். மழைக்காலக் கலங்கல் தெளிந்து, கரையோரத் தண்ணீரில் தரை தெரிந்தது. இவர் வீசினார். நூல் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது தொப்பியில் மாட்டியது. எட்டு மணி வரை இதே கதைதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெயிலைத் திட்டிச் சமாளித்தேன்.

"நீ வீசிப் பாரேன்" என்று கம்பை நீட்டினார். குரலில் தோற்றுப்போன சலிப்பு.

"பின்னால கொண்டு போ... பொறு, வசந்தா... இப்போ விடு!"

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் எப்படியோ ஒருமுறை நூல் நேராகப் போய் விழுந்தது. வெடுக்கென்று ஓர் இழுப்பு.

"ஐயோ, இழுக்குதுங்க!"

"கம்பைத் தூக்கு! அவசரப்படாதே!"

உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று கரைக்கு வந்தது. கழற்ற ஓடிவந்த ஆட்டோக்காரரை இவர் தடுத்துவிட்டார். மெல்ல உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீரில் நனைத்து, மீனுக்கு அடியில் கொடுத்தார். டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாத கை அது. மீனையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இடது கை முள்ளைக் கழற்றும்வரை மீன் அந்த வலது கையில் அமைதியாகக் கிடந்தது. பிறகு வாலை ஓர் அடி அடித்துவிட்டுப் போயிற்று. இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோக்கா வுட்டீங்க சார்" என்றார் ஆட்டோக்காரர்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அந்த இங்கிலாந்து ஆற்றுக்கு முன்னால் இந்த ஏரி வெறும் சேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கரையில் விறைத்துக் கிடந்தவள்.

மகன் தூங்கிக்கொண்டிருப்பான் என்று, இவர் ஆட்டோவிலேயே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்: "டிக்கெட் போட்டுடுப்பா. வீசறது, பிடிக்கறதெல்லாம் உங்கம்மா பாத்துப்பா. விடறது என் டிபார்ட்மென்ட்."