பதினேழு பெட்டிகள்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை. கிடங்கின் நீளம் 310 மீட்டர். ஆளில்லாமல் ஓடும் சரக்கு வண்டிகள் 36. வேகம் நொடிக்கு நான்கு மீட்டர். கூரையில் வைஃபை பெட்டிகள் 26. அன்று இணைப்பு அறுந்து வண்டிகள் வழியில் நின்ற தடவைகள் 43. பொறுப்பாளர்: இணைப்புப் பிரிவின் தொழில்நுட்பர், வயது நாற்பத்தொன்று, பணியில் பதினோராவது ஆண்டு. எந்நேரமும் ஏணி உச்சியில் தென்படுவதால் எல்லோருக்கும் அவர் ஏணியக்கா.

கட்டுப்பாட்டறையின் பதில் அரை நொடிக்குள் வராவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். அது பாதுகாப்பு விதி. ஆகவே ஓட்டத்திலேயே அது ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டியோடு இணைந்துகொள்ள வேண்டும். பெட்டிகளில் இரண்டுக்கு மட்டுமே கம்பித் தொடர்பு. மற்றவை செய்தியைக் காற்றுவழியே ஒன்றுக்கொன்று கடத்துபவை. வண்டி எங்கே நின்றாலும் அங்கே புதிதாக ஒரு பெட்டியை மாட்டுவது கிடங்கின் வழக்கம். அவ்வாறு கூடிய ஒன்பதும் ஏணியக்காவின் கைகளாலேயே மாட்டப்பட்டவை. நிறுத்தங்களோ குறையாமல் ஏறிக்கொண்டே போயின.

மேலாளர் கெடு வைத்தார். பதினேழாம் தேதி எட்டு மணி நேரச் சோதனை ஓட்டம். இணைப்பு அறுந்து ஒரு வண்டி நின்றாலும் பிரிவு மூடப்படும், வேலை வெளி நிறுவனத்துக்குப் போகும்.

அன்றிரவு உணவின்போது, அச்சகத்தில் பணிபுரியும் கணவர் கேட்டார்: "வண்டி நிக்கிறது அங்க. நீ ஏன் இங்க சோத்துல கைய வச்சிட்டு நிக்கிற?"

"நிக்கலை, உக்காந்திருக்கேன்."

"சரி, உக்காந்தாவது சாப்பிடு தாயே!"

மறுநாள் ஏணியக்கா கிடங்குக்குக் கணவரின் மிதிவண்டியில் வந்தார். மடிக்கணினியை அதன் முன்கூடையில் கட்டிவைத்து, பத்தொன்பதாம் எண் வண்டியோடு ஒட்டிப் பக்கத்துப் பாதையில் மிதித்தார். திரையில் கண்டது அவரையே திகைக்க வைத்தது. வண்டி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் புதிய பெட்டிக்கு மாறிவிட்டது, அலைவலிமையும் முழுமை. ஆயினும் நின்றது. மூச்சிரைக்கக் கட்டுப்பாட்டறைக்கு ஓடினார்.

"அண்ணே, பத்தொன்பதுக்கு நீங்க அனுப்பின பதில் எந்தப் பெட்டிக்குப் போச்சு?"

அறைப் பொறுப்பாளர் பதிவைப் புரட்டினார். "பழைய பெட்டிக்கும்மா. வண்டி காலி பண்ணிட்டுப் போன வீட்டு வாசல்ல போய்க் கதவத் தட்டிட்டு இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா நொடி."

இதுவரை எல்லோரும் வண்டியின் குரலையே சோதித்திருந்தார்கள். திரும்பி வரும் பதிலை ஒருவரும் பின்தொடரவில்லை. வண்டி மாறிய செய்தி மற்றப் பெட்டிகளைச் சென்றடையத் தாமதமாகியது. பெட்டி கூடக்கூட மாற்றங்களும் கூடின, தவறும் பெருகியது.

ஏணியக்கா அமைப்பை மாற்றினார். வண்டி சேர்ந்த கணமே புதிய பெட்டி அதைப் பெட்டிகளின் வலை முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு பரவும்வரை பழைய பெட்டி தனக்கு வரும் பதில்களைப் புதியதற்குத் தள்ளிவிட வேண்டும். பின்னர் ஏணியில் ஏறி, தாம் மாட்டிய ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கீழே மேலாளர் பதறினார். "ஓட்டைய அடைக்கச் சொன்னா கூரையப் பிரிக்கிறீங்களே!"

"மாட்டினப்ப நீங்க பாராட்டினீங்க சார். கழட்டுறதுக்குப் பதினேழாம் தேதி பாராட்டுங்க."

பதினேழாம் தேதி காலை ஒன்பதுக்கு ஓட்டம் தொடங்கியது. பிற்பகல் 3:12-க்கு ஏழாம் எண் வண்டி நடுப்பாதையில் நின்றது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏணியக்கா ஓடிச்சென்று குனிந்து, தரையிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"வலை அறுந்துபோகல சார்! யாரோ கையுறையக் கீழ போட்டுட்டாங்க. கண்ணு நல்லா தெரியுது வண்டிக்கு!"

அறைப் பொறுப்பாளர் பதிவைச் சரிபார்த்து ஆமென்றார். பதில் ஒன்றும் தவறவில்லை. கையுறை அகன்றதும் வண்டி புறப்பட்டது. ஐந்து மணிக்கு ஓட்டம் முடிந்தபோது சுமைப்பணியாளர்கள் பலகைகளைத் தட்டி ஆரவாரித்தார்கள். மேலாளரே ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஏணியக்கா உச்சிப்படியில் நின்று அறிக்கையைப் படித்தார்.

வலையில் பெட்டிகள் 17. பெட்டி மாற்றங்கள் 55,208. தவறிய பதில்கள் 0.