ஒட்டுக்கல் என்று சொன்ன அமெட்ரின்

5-6-2023: ரூ. 50
19-9-2023: ரூ. 6,400

இரண்டும் ஒரே கல்லுக்கு ஷரஃபுதீன் சொன்ன விலை. மயிலாப்பூரில் கல் பதிக்கிறவர் அவர். எந்தக் கல்லையும் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். ஜூனில் அன்று கடையில் கூட்டம், பார்க்காமலே திறந்துவிட்டார்.

சிறிதாக்கித் தரச் சொல்லி நிஷா நீட்டிய மோதிரத்தில் கல் பாதி ஊதா, பாதி மஞ்சள்.

“ஒட்டுக்கல்லும்மா. ரெண்டு கண்ணாடிய பசை போட்டு ஒட்டிக்கீறான். அம்பது ரூபா போவும்.”

“கட்டிக்கப் போறவரு குடுத்தது பாய். அசல்னு சொன்னாரு.”

“மாப்பிள்ளையும் பாதிதான் அசலா இன்னா, பாத்துக்கோ!” என்றார் பக்கத்தில் நின்றவர். கடையே சிரித்தது. ஷரஃபுதீனும் சிரித்தார். நிஷா மோதிரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினாள்.

செப்டம்பரில் இழுப்பறையைத் துடைக்கையில் அது கையில் பட்டது. கல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். ஒட்டிய கோடு இல்லை, குமிழி இல்லை. மண்ணுக்குள்ளேயே இரு நிறமாக விளைந்த ஒரே படிகம், அமெட்ரின். நிறங்கள் சரிபாதியாக, கலங்காமல் பிரிந்திருந்தால் அமெட்ரினுக்கு நல்ல விலை. இதில் வகிடு எடுத்தாற்போல் பிரிந்திருந்தன. கல்லைப் பார்க்கப் பார்க்க அன்று சிரித்த சிரிப்புதான் அவர் காதைச் சுட்டது.

ரசீதில் அவள் போன் நம்பர் இருந்தது. கல் அசல், தவறு தன்னுடையது என்று அந்த நம்பருக்குச் செய்தி எழுதி அனுப்பினார்.

“அந்தக் கல்லாலதான் கல்யாணத்த வேணாம்னு சொல்லிட்டேன். அவருகிட்ட சொல்லிப் பாக்கிறேன் பாய்” என்று முதலில் ஒரு பதில் வந்தது.

பிறகு இன்னொன்று: “அவருக்கு வேற எடத்துல நிச்சயம் ஆயிடுச்சி. கல்ல நீங்களே வெச்சிக்கோங்க.”

அது வந்த தேதி 9-11-2023.