நானே கேட்டு வாங்கிய வாய்தா

என்னைப் போல ஒரு முட்டாள் வக்கீல் அந்தமானில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம். தலைவர் பதவியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். முடிய வேண்டிய வழக்கில், எல்லாக் காகிதமும் கையில் இருக்க, நானே எழுந்து வாய்தா கேட்டவன் நான். வழக்கு முடிந்தால் கட்சிக்காரர் அப்புறம் வரமாட்டாரே என்பதுதான் காரணம்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது என் பிழைப்பு. கோர்ட்டுக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் ஒற்றை அறை. காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் இறங்கி கோர்ட்டுக்குப் போவேன். மனைவியும் மகளும் மதுரையில். என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் கட்டை ஊன்றி வருகிறவர்கள்தான். வழக்கு முடிந்ததும் வருவதில்லை. இனி வரவே கூடாது என்று மனதார வாழ்த்தி அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் வாய்தா வாங்கிய வழக்கின் கட்சிக்காரர், தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர்க்காரர், பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். ஜீப் மோதி வலது கால் முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மெயின்லேண்டில் ஆபரேஷன் செய்தால் நேராகும், தள்ளிப்போடக் கூடாது என்று இங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் பஸ் ஏறுவார். காலை நீட்ட முடியாத சீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்து, சாயங்காலம் என் அறைக்கு வந்து சேர்வார். வந்ததும் அடுப்பைத்தான் எட்டிப் பார்ப்பார்.

"க்யா சாப், இது சாம்பாரா, கேஸ் கட்டை ஊறப்போட்ட தண்ணியா?"

"தின்னு பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."

"தின்னா நாளைக்குக் கோர்ட்ல நிக்க ஆள் இருக்காது. ஹடோ, தள்ளுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மீன் குழம்பு வைப்பார். நாங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்தார். என் அறையிலிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை வந்ததில்லை.

நான் வாய்தா கேட்ட அன்று, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் சாட்சியம் மட்டும்தான் பாக்கி. கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நீதிபதி என்னைப் பார்த்தார். "ஒரு ஆவணம் வரவேண்டியிருக்கிறது, ஒரு தேதி வேண்டும்" என்றது என் வாய். எதிர்த்தரப்பு வக்கீல் ஆச்சரியத்தில் ஆட்சேபிக்கவே மறந்துவிட்டார்.

அந்த டாக்டரைப் போல மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவரைச் சாட்சியாக வைத்திருப்பவன், இந்தத் தீவில் சட்டப் புத்தகத்தைவிட மாற்றல் உத்தரவையும் கப்பல் நேரத்தையும்தான் அதிகம் படிக்க வேண்டும். கோர்ட் வாசலில் டீ விற்பவருக்கும் தெரிந்த விஷயம். வாய்தா வாங்கிய மூன்றாவது வாரம் ஃபெர்ரியில் வரும்போது சென்னைக் கப்பல் கிளம்பிப் போனது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கையாட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், மாற்றலாகி அந்தக் கப்பலில்தான் டாக்டர் போயிருக்கிறார். என் சாட்சிக்கு நானே டாட்டா காட்டியிருக்கிறேன்.

அவரைத் தேடிப்பிடித்து வீடியோவில் சாட்சி சொல்ல வைக்க ஒன்பது மாதமாயிற்று. டாக்டர் கிடைத்தால் நெட் இல்லை, நெட் வந்தால் டாக்டர் இல்லை. அத்தனை தேதிக்கும் அண்ணன் பஸ்ஸில் வந்தார். கடைசிக் கடைசியில் குழம்பு வைப்பதை விட்டுவிட்டார். வந்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் ஜோக்குக்கு நானே சிரித்து நானே முடித்துக்கொண்டேன்.

வழக்கு ஜெயித்தது. அவர் சென்னைக்குக் கப்பல் ஏறும் நாளில், பையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிவரை கூடவே போனேன். முன்பே வந்திருந்தால் முழுக்க நேராகியிருக்கும், இனிமேல் கொஞ்சம் நொண்டல் இருக்கும் என்று, முன்கூட்டியே அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்த சென்னை டாக்டர் போனில் சொல்லிவிட்டாராம். வரிசை நகர்ந்தது. எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணையில் திணறடித்தவன், இரண்டு வாக்கியம் சொல்லத் திணறினேன்.

"அண்ணே, அன்னைக்குக் காகிதம் எல்லாம் இருந்துச்சு. நீங்க இன்னொரு தடவை வருவீங்களேன்னுதான் வாய்தா வாங்கினேன். தனியா இருக்க முடியலண்ணே."

அவர் பையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கால் என்னுது, சாப்."