ஓர்ப்படி கொடுத்த சும்மாடு

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாக வரும், முன்னே பின்னே மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பச்சைச் சும்மாட்டுத் துணியை மறக்கவில்லை. காவாந்தண்டலத்து ஏரி வேலையில் மண் சுமக்கும்போது என் துணி கிழிந்துபோனது. உடனே ஓர்ப்படி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தன் தலையிலிருந்ததை எடுத்து நீட்டினாள். "இந்தாடி, என்னுத வெச்சிக்கோ. வெறுந்தலையில தூக்காத." துணி அவள் வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து ஒரே துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் என் உச்சந்தலையில் மயிருக்கு மயிர் சிவந்த கொப்புளங்கள், நுனியில் சீழ். உடம்புச் சூடு என்று நினைத்து எண்ணெயை அப்பினேன், பரவியது. நகத்தால் கிள்ளினேன், கட்டியானது. ஓர்ப்படியிடம்தான் முதலில் காட்டினேன். மறுநாள் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அவகிட்ட குந்தாதீங்கடி. தலையெல்லாம் புண்ணு கீது, ஒட்டிக்கும்." பெண்கள் தூக்குகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் சுபாவம் அப்படி.

மயிர்க்காலில் கிருமி புகுந்து வீங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி நர்சம்மா. எண்ணெயை நிறுத்தச் சொன்னார். கிள்ளக்கூடாது, வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம், சோப்புப் போட்டு அலசல், பூச ஒரு களிம்பு. அடுத்தவர் துணி, சீப்பு எதுவும் ஆகாது; நம்முடையதையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ கட்டி பெருத்தாலோ உடனே வரவேண்டும் என்றார். அந்த நீலமூடிக் களிம்பைக் கையில் வாங்கியதும் திக்கென்றது. இதையே ஓர்ப்படியின் சுருக்குப்பையில் பார்த்திருக்கிறேன். பித்தவெடிப்புக்கு என்றிருந்தாள்.

முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் கேட்டேன். "அக்கா, உனுக்கும் இதானே? துணிய யாருக்கும் குடுக்காதன்னு நர்சு சொல்லல?"

அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னாங்கதான். ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன். உனுக்கு வந்ததும், என்னாலதான்னு ஊரே பேசுமேன்னு பயந்துட்டேன். நீ இன்னா, யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டியே."

புண்ணைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் எரிந்தது.

புண் ஆறிவிட்டது, உச்சியில் ஓரிடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. இப்போது எனக்கென்று தனித் துணி வைத்திருக்கிறேன். போன வாரம் அவளுடைய பச்சைத் துணி நார்நாராகிவிட, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று நர்சம்மா சொன்னது உண்மை. ஆனால் அந்த நேரம் எனக்கு நினைவு வந்தது அது இல்லை.

மருந்து பற்றி எழுதியதில் தப்பிருந்தால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். மற்றதைத் திருத்த வேண்டாம்.